ஒரு சதவீதக் கசிவு: மூளைத் தொற்றில் எம்.ஆர்.ஐ. அளவீடு

ஆந்திர எல்லையிலுள்ள கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் காட்பாடி, வேலூர். அந்தப் பக்கம் சித்தூர், பலமநேர், குப்பம். ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி நோயாளிகள் வருகிறார்கள். ஒரு வாரக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் பேச்சுக் குழறல், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத நிலை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சிக் கடியால் தொற்றும் காய்ச்சல்) என்று பாதி முடிவாகிவிடும். பொருக்கு இல்லையென்றால் காசநோய் மூளைக்காய்ச்சல், ஹெர்பீஸ், டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தேட வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதே 1955-இல் அன்றைய வட ஆர்க்காட்டில்தான்.

நோய் எதுவானாலும் ஆய்வாளர் கேட்கும் கேள்வி ஒன்று. ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் கண்டபடி புகாமல் காக்கும் ரத்த–மூளைத் தடுப்பு கசிகிறதா, கசிந்தால் எவ்வளவு, எப்போது மூடிக்கொள்கிறது? கசிகிறதா என்பதற்கு படத்தில் பளிச்சிடும் மருந்தை ரத்தத்தில் செலுத்தி எடுக்கும் வழக்கமான காண்ட்ராஸ்ட் ஸ்கேனே ஓரளவு பதில் சொல்லும். ‘எவ்வளவு’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மெஷின் ஓர் எண்ணைக் கட்டாயம் கொடுக்கும். அழகான வண்ணப் படமும் கொடுக்கும். அந்த எண் மூளையிலிருந்து வந்ததா, மெஷினுக்குள் சூடேறிய கிரேடியன்ட் சுருளிலிருந்து வந்ததா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

தடுப்பு என்பது மூளை நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிக்கொண்டிருப்பது. கிளாடின்-5, ஆக்லுடின் போன்ற புரதங்கள் அந்தப் பூட்டு. வெளியே பெரிசைட்டுகள், அடித்தளச் சவ்வு, ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள். காண்ட்ராஸ்டாகச் செலுத்தும் கடோலினியக் கூட்டுப்பொருளின் எடை 550 முதல் 600 டால்டன் வரை. நலமான மூளையில் அது குழாயைவிட்டு ஏறக்குறைய வெளியே வருவதில்லை. பிட்யூட்டரி, பீனியல், கோராய்டு பிளெக்ஸஸ், ஏரியா போஸ்ட்ரீமா ஆகிய இடங்களில் பிறவியிலேயே இந்தப் பூட்டு இல்லை. அவை எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள், வென்ட்ரிகிள் என்னும் மூளை நீர் அறைக்குள் இருக்கும் கோராய்டு பிளெக்ஸஸைப் பார்த்து ‘வென்ட்ரிகிளில் தொற்று’ என்று எழுதிக்கொண்டு வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான்.

கசிவை அளக்கும் எண்ணுக்குக் கேட்ரான்ஸ் (Ktrans) என்று பெயர். ஒரு நிமிடத்தில் பிளாஸ்மாவிலிருந்து திசுவுக்குள் எவ்வளவு பங்கு இறங்குகிறது என்பதன் அளவு. மூளைக் கட்டிகளில் இது நிமிடத்துக்கு 0.01, 0.1 என்ற வரிசையில் இருக்கும். நலமான மூளையிலும் லேசான கசிவிலும் 0.0001 முதல் 0.001 வரையிலான வரிசை. கட்டிக்கு எழுதிவைத்த 5 நிமிட புரோட்டோகாலை அப்படியே எடுத்துத் தொற்று நோயாளிக்கு ஓட்டினால் ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை என்பதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 0.1 மில்லிமோல் மருந்து போட்டதும் முதல் கால் மணி நேரத்தில் பிளாஸ்மாவில் அதன் செறிவு சராசரியாக லிட்டருக்கு 0.7 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். கேட்ரான்ஸ் 0.0003. பதினைந்து நிமிடத்தில் திசுவுக்குள் இறங்கியிருப்பது 0.0003 × 0.7 × 15. லிட்டருக்குச் சுமார் 0.003 மில்லிமோல். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷினில் மூளையின் சாம்பல் பகுதியின் டி1 (காந்தத்தால் கிளர்ந்த திசு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்; மருந்து இதைக் குறைத்துச் சிக்னலை ஏற்றும்) சுமார் 1.3 வினாடி. இந்த அளவு மருந்து அங்கே சிக்னலை உயர்த்துவது அதிகபட்சம் ஒன்றரை சதவீதம். வெள்ளைப் பகுதியில் ஒரு சதவீதம்தான். அதே வாக்ஸலில் (படத்தின் ஒரு சிறு கனக்கட்டம்) 2 சதவீதம் இடத்தை ரத்தக் குழாயின் பிளாஸ்மா பிடித்திருந்தால், கசியாமல் குழாய்க்குள்ளேயே ஓடும் மருந்து இதைப்போல நான்கு மடங்குக்கு மேல் சிக்னல் தரும். ஆக, நாலு பங்கு கூச்சலுக்கு நடுவே ஒரு பங்கு முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். மெஷின் இருபது நிமிடத்தில் தானாகவே ஒரு சதவீதம் ஏறியோ இறங்கியோ போனால் அந்த முணுமுணுப்பு அதோடு போயிற்று.

கீழே வருபவை எல்லாம் இந்த ஒரு சதவீதத்தைக் காப்பாற்றும் வேலைகள்.

எந்த நோயில் எதை எதிர்பார்ப்பது

திசுவில் கூடும் நீரை வெளுப்பாகக் காட்டும் ஃப்ளேர் படத்தில் வெண்மை தெரிந்தால் அங்கே தடுப்பு உடைந்திருக்கிறது என்று நினைப்பது பரவலான தவறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இரண்டு தலாமஸும், சில சமயம் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும் ஃப்ளேரில் வெளுத்துக் கிடக்கும். காண்ட்ராஸ்ட் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஏறாது (பளிச்சிடாது), ஏறினாலும் மங்கலாகத்தான். செல் வீங்கிய நீர்க்கட்டும் குழாயிலிருந்து கசிந்த நீர்க்கட்டும் ஃப்ளேரில் ஒரே நிறம். நீரின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் ஸ்கேனின் ஏ.டி.சி. படம் பிரித்துக் காட்டும்: செல் வீக்கத்தில் குறையும், கசிவு நீரில் கூடும். ஆகவே டிஃப்யூஷன் எடுக்காமல் கசிவைப் பற்றிப் பேசுவது வீண். எலிகளில் செய்த சோதனைகளில், இந்த வைரஸ் முதலில் மூளைக்குள் போய்ப் பெருகி, அதற்கு எழும் அழற்சியால்தான் தடுப்பு பிறகு திறக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த ஸ்கேனில் கசிவு இல்லை என்றால் அது தோல்வியல்ல, நோயின் கட்டமே அதுவாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிர் காசநோய். மூளையின் அடிப்பகுதி உறை கெட்டியாக ஏறும். சில்வியன் பிளவு, சுப்ராசெல்லார் பகுதி எல்லாம் பளபளக்கும். இங்கே எம்.எம்.பி.-9 என்ற நொதி அடித்தளச் சவ்வின் கொலாஜனையே அரித்துவிடுகிறது. கசிவு பெரிது, அளக்கச் சுலபம். ஆனால் காசநோயில் குழாய் அழற்சியால் ரத்த ஓட்டமே குறைந்த இடங்கள் இருக்கும். ஓட்டம் குறைந்த இடத்தில் தடுப்பு முழுக்கத் திறந்திருந்தாலும் மருந்து வந்து சேர்ந்தால்தானே கசியும்? அங்கே கேட்ரான்ஸ் குறைந்தால் ‘குணமாகிறது’ என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்திலேயே டிஃப்யூஷனையும், மருந்தில்லாமல் எடுக்கும் ஏ.எஸ்.எல். ரத்த ஓட்டப் படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். காண்ட்ராஸ்ட் போடுமுன் எம்.டி. பல்ஸோடு (சுற்றியுள்ள திசுவின் சிக்னலை அடக்கும் துடிப்பு) ஒரு டி1 படம் எடுத்துக்கொள்வதும் நம் நாட்டில் வழக்கம். கட்டியின் விளிம்பும் உறையின் தடிப்பும் மருந்தில்லாமலேயே தெரியும்; எங்கே ஆர்.ஓ.ஐ. (அளக்கப்போகும் பகுதியின் வட்டம்) போடுவது என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் இந்த விஷயத்துக்கு ஒரு நல்ல பாடப்புத்தகம். நாடாப்புழுவின் கூடு உயிரோடு இருக்கும்வரை சுற்றியுள்ள தடுப்பு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். காண்ட்ராஸ்ட் ஏறாது, நீர்க்கட்டும் இல்லை. புழு சாகத் தொடங்கியதும் வளையம்போல ஏறும், சுற்றிலும் நீர் கட்டும், வலிப்பு வரும். மறைந்துபோகும் சி.டி. புண்கள் என்று காசநோய் மருந்து கொடுக்கப்பட்டு வந்தவற்றில் பலவும் உண்மையில் இந்தப் புழுவின் கூடுகள் என்று 1980-களின் இறுதியில் திசு எடுத்துப் பார்த்துக் காட்டியது வேலூர்தான். ஒரே மூளையில் உயிருள்ள கூடு, சாகும் கூடு, சுண்ணாம்பாகிய கூடு மூன்றும் அருகருகே இருக்கும் நோயாளி கிடைத்தால் அளவீட்டைச் சோதிக்க அதைவிட நல்ல வாய்ப்பில்லை. ரத்தமும் மருந்தளவும் மெஷினும் ஒன்று. கசிவு மட்டும் மூன்று விதம்.

ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள்ளேயே குடியேறுவது. தடுப்பையே நேராகத் தாக்குகிறது என்பதால் பெரிய கசிவை எதிர்பார்த்து வருகிறார்கள். பலருக்கு வழக்கமான எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கும். உறையில் லேசான ஏற்றம், எஸ்.டபிள்யூ.ஐ.யில் புள்ளி புள்ளியாகக் கசிந்த ரத்தம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத கசிவை அளக்கும் முறை அவசியமாவது இந்த நோயில்தான்.

மலேரியாவில் ஒட்டுண்ணி மூளைத் திசுவுக்குள் நுழைவதே இல்லை, குழாய்க்குள் அடைத்துக்கொள்கிறது. மலாவியின் பிளான்டயரில் வெறும் 0.35 டெஸ்லா மெஷினை வைத்துக் குழந்தைகளை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்து, இறந்த 25 பேரில் 21 பேருக்குக் கடுமையான மூளை வீக்கம் இருந்ததை 2015-இல் காட்டினார்கள். ஒடிசாவின் ரூர்கேலாவில் நடந்த ஆய்வுகள் மூளையின் பின்பகுதி வீக்கம் திரும்பக்கூடியது என்று காட்டின. இரண்டிலும் கேட்ரான்ஸ் கிடையாது. கேள்வி தெளிவாக இருந்தது, ஸ்கேன் நேரத்தைக் குறித்துவைத்தார்கள். 3 டெஸ்லா இல்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோவிட்டுக்குப் பிறகு மறதியும் மந்தமும் நீடித்தவர்களிடம் தடுப்புக் கசிவை டப்ளினில் 2024-இல் டைனமிக் எம்.ஆர்.ஐ. (மருந்து ஏறுவதைத் தொடர்ந்து படமெடுப்பது) மூலம் காட்டியது இதே முறையின் மறுமுனை.

ஸ்கேன் அறைக்கு முன்னால்

எல்லைப் பகுதியில் ஒப்புதல் படிவம் தனிப் பிரச்சினை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் ஏராளம். ‘தமிழ்க்காரர்தானே’ என்று தமிழ்ப் படிவத்தை நீட்டினால் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார். ஓர் எழுத்துகூடப் படித்திருக்க மாட்டார். தெலுங்கில் எழுதியதைக் கையில் கொடுத்து, தமிழில் வாய்விட்டு விளக்குவதுதான் சரி. ‘ஐயா, எந்த எழுத்து படிப்பீங்க?’ என்று கேட்டுவிட்டால் ஐந்து வினாடியில் முடிகிற விஷயம். நோயாளிக்கு நினைவில்லாதபோது சட்டப்படியான உறவினரின் ஒப்புதல், நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மறுபடியும் ஒப்புதல்.

கிரியாட்டினின் பார்க்காமல் காண்ட்ராஸ்ட் கூடாது. ஸ்க்ரப் டைஃபஸில் சிறுநீரகம் அடிபடுவது சகஜம். சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் ஆய்வுக்காக மட்டும் மருந்து செலுத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. சிகிச்சைக்கு அவசியமா என்பதை வார்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்து, கடோலினியத்தை வளையத்துக்குள் இறுக்கிப் பிடிக்கும் மேக்ரோசைக்கிளிக் வகையாகவே இருக்க வேண்டும்: கடோடெரேட் அல்லது கடோபுட்ரால். முதலாவது கிலோவுக்கு 0.2 மி.லி., இரண்டாவது செறிவு இரு மடங்கு என்பதால் 0.1 மி.லி. இரண்டையும் ஒரே ஆய்வில் கலக்காதீர்கள். அலமாரியில் இரண்டும் இருந்தால் அளவு மாறிப்போக ஒரு அவசர இரவு போதும்.

எடையைக் கேட்டு எழுதாமல் நிறுத்துப் பாருங்கள். குழந்தையென்றால் அம்மாவோடு சேர்த்து நிறுத்தி, அம்மாவைத் தனியே நிறுத்திக் கழித்துக்கொள்ளலாம். அதே நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிளாஸ்மா வளைவை (ரத்தத்தில் மருந்து நேரத்தோடு ஏறி இறங்கும் கோடு) எடுப்பதால் கேட்ரான்ஸ் கணக்கில் எடைப்பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ‘எத்தனை சதவீதம் ஏறியது’ என்று மட்டும் ஒப்பிடுகிற ஆய்வில் அடிபடாது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. மருந்து பிளாஸ்மாவில் மட்டும்தான் இருக்கிறது, சிவப்பணுக்குள் போவதில்லை. எனவே சைனஸில் (மூளையின் பெரிய சிரையில்) அளந்த ரத்தச் செறிவை, ஒன்றிலிருந்து பி.சி.வி.யைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால்தான் பிளாஸ்மாச் செறிவு. மென்பொருள் 0.45 என்று தானே போட்டுக்கொள்ளும். ரத்தசோகையோடு வரும் பெண்ணுக்கு உண்மையான பி.சி.வி. 24 என்றால், வகுக்க வேண்டியது 0.76-ஆல், மென்பொருள் வகுப்பது 0.55-ஆல். பிளாஸ்மாச் செறிவு 38 சதவீதம் கூடுதலாக வந்து, கேட்ரான்ஸ் 28 சதவீதம் குறைந்துவிடும். டெங்குவில் ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. 52-க்குப் போனவருக்கு எதிர்த்திசையில் 15 சதவீதம் பிழை. இரண்டு நோயையும் ஒப்பிடும் ஆய்வில் இது ஒன்றே போலியான ‘வித்தியாசத்தை’ உண்டாக்கிவிடும். ஸ்கேன் நாளின் பி.சி.வி.தான் வேண்டும், ஐந்து நாள் சலைன் ஏறிய பிறகு சேர்க்கை நாளின் சீட்டு உதவாது.

உலோகம்: அரைஞாணில் கோத்த தாயத்து, இரும்புக் காப்பு, தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கு, சவுரியின் கிளிப். வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்பு வளையம் போட்டு அதன்மேல் மஞ்சள் துணி சுற்றியிருப்பார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். தடவித்தான் பார்க்க வேண்டும். திருப்பதியில் முடி இறக்கிவிட்டு வருபவர்கள் எங்களுக்குச் சௌகரியம், ஹேர்பின் தொல்லை இல்லை. காசநோய் சந்தேகத்தில் முகக்கவசம் போட்டே ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தால் மூக்குக் கம்பி இல்லாத கவசம் போடுங்கள். கம்பி சூடேறி முகத்தைச் சுடும்.

வென்ஃப்ளான் (சிரையில் பொருத்தும் ஊசிக் குழாய்) வலது முழங்கை மடிப்பில், 20 கேஜ். இடது கையில் போட்டால் மருந்து சில பேருக்குக் கழுத்துச் சிரையில் பின்னோக்கி ஏறி, சைனஸ் வளைவைக் கெடுக்கும். வார்டில் நான்கு நாளாகப் புறங்கையில் இருக்கும் பழைய ஊசியை நம்பாதீர்கள். எந்த வேகத்தில் மருந்து போகப்போகிறதோ அதே வேகத்தில் முதலில் 10 மி.லி. சலைன் தள்ளிப் பாருங்கள். வீங்கினால் சலைனோடு போகட்டும்.

குழந்தைகளில் கெட்டுப்போகும் ஸ்கேன்களுக்கு முதல் காரணம் குழாய். 10 கிலோ குழந்தைக்குக் கடோபுட்ரால் வெறும் 1 மி.லி. இன்ஜெக்டரிலிருந்து கைவரை போகும் நீளக் குழாய் அதைப்போலப் பல மடங்கு கொள்ளும். பின்னால் தள்ளும் சலைன் குழாயின் கொள்ளளவைவிடக் குறைந்தால் மருந்தில் பெரும்பகுதி குழாயிலேயே நின்றுவிடும். நீங்கள் ‘கசிவு இல்லை’ என்று எழுதுவீர்கள். உங்கள் குழாயின் கொள்ளளவை ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அளந்து, மெஷினின் மேலேயே ஒட்டிவையுங்கள். சலைன் அதைப்போல இரு மடங்காவது போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் கடோடெரேட் கொஞ்சம் மேல். அளவு 2 மி.லி. வரும்.

வரிசை

காண்ட்ராஸ்டுக்கு முன்: லோக்கலைசர், டிஃப்யூஷன், எஸ்.டபிள்யூ.ஐ., ஃப்ளேர், ஏ.எஸ்.எல்., டி1 எம்.டி. அதன் பிறகு பி1 மேப் (ரேடியோ துடிப்பு எங்கே எவ்வளவு விழுகிறது என்ற படம்), டி1 மேப், டைனமிக். கடைசியில் மறுபடி ஃப்ளேரும் டி1-உம். டிஃப்யூஷனும் டி.டி.ஐ.யும் கிரேடியன்டைச் சூடாக்கும் சீக்வென்ஸ்கள். அவை முடிந்த கையோடு டைனமிக்கைத் தொடங்கினால் அடுத்த இருபது நிமிடம் மெஷின் ஆறிக்கொண்டே இருக்கும். சிக்னல் நகர்ந்துகொண்டே போகும். நடுவில் அமைதியான சீக்வென்ஸ்களைப் போட்டுத் தள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் சில்லர் திணறும் நாட்களில் இந்த நகர்வு இன்னும் மோசம்.

டி1 மேப்புக்கு 3டி ஸ்பாயில்டு கிரேடியன்ட் எக்கோ. ஃப்ளிப் ஆங்கிள் (துடிப்பு காந்தத்தைச் சாய்க்கும் கோணம்) 2, 5, 12 அல்லது 15 டிகிரி. டைனமிக்கும் அதே சீக்வென்ஸ், பெரிய ஆங்கிள். டி.ஆர். (துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி) 5 மில்லிவினாடிக்குள், டி.ஈ. (துடிப்பிலிருந்து சிக்னல் எடுக்கும்வரை) 2-க்குள். ரிசீவர் கெயினும் (சிக்னல் பெருக்கம்) ஷிம்மும் (காந்தப்புலச் சீராக்கம்) மேப்பிலிருந்து டைனமிக் முடியும்வரை பூட்டியிருக்க வேண்டும். தானியங்கி ப்ரீஸ்கேன் இடையில் ஓடினால் எல்லாம் முதலிலிருந்து. வாக்ஸல் 2 × 2 × 3 மி.மீ. போதும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று 1 மி.மீ. கேட்பவர்கள் இரைச்சலைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பி1 மேப்பை நேரமில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. 3 டெஸ்லாவில் தலையின் நடுவில் ஆங்கிள் கேட்டதைவிடக் கூடும், ஓரங்களில் குறையும். ஆங்கிளில் 10 சதவீதப் பிழை டி1-இல் சுமார் 20 சதவீதமாகப் பெருகும். ஹெர்பீஸ் தாக்குவது டெம்போரல் மடல், சரியாக ஆங்கிள் குறையும் இடம். இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்து இந்தப் பிழையை விலைக்கு வாங்க வேண்டாம்.

டைனமிக் தொடங்கியதும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் மருந்தில்லாமல் ஓடட்டும். பிறகு வினாடிக்கு 2 மி.லி. வேகத்தில் மருந்து, பின்னாலேயே 20 மி.லி. சலைன். முதல் சில நிமிடம் 5 வினாடிக்கு ஒரு படம். அதன் பிறகு அரை நிமிடத்துக்கு ஒன்று போதும், சீக்வென்ஸை மாற்றாமல். மொத்தம் 20 நிமிடம். கசிவு மெதுவானது என்பதால் நேரத்தைக் குறைத்தால் கணக்கில் நிற்பது ரத்தக் குழாய் மட்டுமே. குழப்பத்தில் இருக்கும் நோயாளி 20 நிமிடம் அசையாமல் கிடப்பாரா? பலர் மாட்டார்கள். தலைக்கு இருபக்கமும் நுரைப் பஞ்சை இறுக்கி, மூத்திரப் பையைக் காலி செய்து, கம்பளி போர்த்தினால் பாதி அசைவு போய்விடும். மூத்திரம் முட்டி நெளிந்தே எத்தனையோ ஸ்கேன்கள் பாழாகின்றன.

வார்டிலிருந்து சீட்டில் எழுதி வாங்க வேண்டிய மூன்று தகவல்கள் உண்டு. முதலாவது, டெக்ஸாமெத்தசோன் கடைசியாகப் போட்ட நேரம்: ஸ்டீராய்டு கசிவை அடைக்கும், ஸ்டீராய்டுக்கு முன்னும் பின்னும் எடுத்தவர்களைக் கலந்தால் ஆய்வே போயிற்று. ஆய்வுக்காக ஸ்டீராய்டைத் தாமதிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஸ்கேனைத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, முதுகுத் தண்டில் நீர் எடுத்த நேரம்: எடுத்த பிறகு அழுத்தம் குறைந்து வெளியுறை முழுக்கச் சீராக ஏறுவதுண்டு, அதைத் தொற்று என்று படிப்பார்கள். மூன்றாவது, ஆக்ஸிஜன் அளவு: வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்ஸிஜனில் இருப்பவருக்கு ஃப்ளேரில் மூளை நீரே வெளுத்துத் தெரியும். மருந்துக்கு முந்தைய ஃப்ளேரும் பிந்தையதும் அதே ஆக்ஸிஜன் அளவில் இருந்தால் கழித்துப் பார்க்கலாம். உறையிலிருந்து மூளை நீருக்குள் இறங்கும் மிகச் சிறு அளவுக் கசிவுக்கு டி1-ஐவிட மருந்துக்குப் பிந்தைய ஃப்ளேர் கூர்மையானது. அதனால்தான் இவ்வளவு பாடு.

கணக்குப் போடுகையில்

அசைவுத் திருத்தம் முதலில். பிறகு பிளாஸ்மா வளைவு. நடு மூளைத் தமனியில் எடுக்கப் போகாதீர்கள். மெல்லிசு, பக்கத்துத் திசு கலந்துவிடும், புதிதாகப் பாயும் ரத்தம் சிக்னலை ஏற்றிக் காட்டும். சுப்பீரியர் சஜிடல் சைனஸின் பின்பகுதியில் நடு வாக்ஸல்களை எடுங்கள். ஊரார் சராசரி வளைவைப் போட்டுக்கொள்ளும் குறுக்குவழி தொற்று நோயாளிக்கு உதவாது: சிறுநீரகம் மந்தமானால் மருந்து ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும், சராசரி வளைவுக்கு அது தெரியாது.

லேசான கசிவுக்குப் பாட்லாக் முறை போதும். அதில் மருந்து திரும்ப ரத்தத்துக்குள் வருவது கணக்கில் இல்லை, 20 நிமிடத்தில் வரவும் வராது. காசநோய்க் கட்டி போலப் பெரிய கசிவுக்கு மட்டும், திரும்பி வருவதையும் கணக்கில் எடுக்கும் விரிந்த டாஃப்ட்ஸ் முறை. மருந்து போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடங்களை விட்டுவிட்டு, கோடு நேராகும் பகுதியில் சாய்வைப் பாருங்கள். சாய்வு கேட்ரான்ஸ், வெட்டும் இடம் ரத்தக் குழாயின் பங்கு.

ஒவ்வொரு வாக்ஸலாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி கழித்தல் எண் வரும். கசிவு எப்படிக் கழித்தலாகும் என்று அவற்றைச் சுழியம் ஆக்கிவிடும் மென்பொருள்கள் உண்டு. அது பெரிய தவறு. இரைச்சல் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறுவது. ஒரு பக்கத்தை வெட்டினால் சராசரி மேலே ஏறி, கசியாத மூளையிலும் கசிவு காட்டும். தலாமஸ், ஹிப்போகாம்பஸ், வெள்ளைப் பகுதி என்று முன்கூட்டியே இடங்களை முடிவு செய்து, அந்த இடம் முழுக்கச் சிக்னலைச் சராசரி எடுத்து, ஒரே வளைவாகக் கணக்கிடுங்கள். பெரிய சிரைகளும் மூளை நீரும் ஓரத்தில் சேராதபடி ஒரு வாக்ஸல் உள்ளே தள்ளி வரைய வேண்டும்.

நகர்வை அறிய இரண்டு சோதனை. மாதம் ஒருமுறை ஃபேன்டமை (ஆளுக்குப் பதில் வைக்கும் மாதிரிப் பொருள்) வைத்து முழு 20 நிமிடமும் ஓட்டுங்கள். அதோடு, நலமான சிலருக்கு மருந்தே போடாமல் அதே டைனமிக்கை ஓட்டுங்கள். மருந்தில்லாத மூளையில் வரும் ‘கசிவு’தான் உங்கள் மெஷினின் பொய். அந்த எண்ணைக் கட்டுரையில் அச்சிடாதவர்களின் முடிவை நாங்கள் ஏற்பதில்லை. ஒப்பீட்டுக் குழுவாக நர்சிங் மாணவர்களைப் பிடித்து உட்காரவைப்பதும் வேண்டாம்; காய்ச்சல் இருந்து மூளை அறிகுறி இல்லாத நோயாளிகள், வேறு காரணத்துக்காகக் காண்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுக்க வருபவர்கள், அதே வயது. அவர்கள்தான் பொருத்தம்.

மூளை நீர்–ரத்த ஆல்புமின் விகிதத்தோடு கேட்ரான்ஸ் பொருந்தவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. ஆல்புமின் 66,000 டால்டன், கடோலினியம் 600. அதோடு அந்த விகிதம் பெரிதும் ரத்த–மூளைநீர்த் தடுப்பைச் சொல்வது. எலியில் ஈவன்ஸ் புளூ சாயத்தோடு ஒப்பிடும்போதும் இதே கதை: சாயம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு பெரிய ஓட்டையில் மட்டும் வெளியேறும்.

சிறுநீரகத்தால் காண்ட்ராஸ்ட் முடியாதவர்களுக்கு ஏ.எஸ்.எல். அடிப்படையிலான நீர்ப் பரிமாற்ற முறைகள் இருக்கின்றன. கழுத்தில் ரத்தத்தின் நீரையே காந்தத்தால் குறியிட்டு, எவ்வளவு திசுவுக்குள் போனது என்று டிஃப்யூஷனால் பிரிப்பது ஒன்று. போகாமல் சைனஸில் மிஞ்சி வந்தது எவ்வளவு என்று பார்ப்பது இன்னொன்று. நீர் ஒரே ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளே போய்விடும், மிச்சம் சொற்பம். இது வேறு வாசல்: ஆக்வாபோரின் என்ற நீர்வழிப் புரதத்தின் வழி போகும் நீரும், பூட்டு உடைந்து கசியும் கடோலினியமும் ஒன்றுக்கொன்று எதிராகக்கூட மாறலாம். இங்கேயும் பி.சி.வி. துரத்தி வரும், ரத்தசோகையில் ரத்தத்தின் டி1 நீளும், மென்பொருள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1.65 வினாடி பொருந்தாது.

இரண்டாவது ஸ்கேனுக்கு ஆள் திரும்ப வருவதுதான் இந்தப் பகுதியில் எல்லாவற்றையும்விடக் கடினம். குப்பத்திலிருந்தோ பலமநேரிலிருந்தோ வர ஒரு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும். தேதியை மாத்திரை வாங்க வரும் நாளோடு சேர்த்துவைத்தால் வருகிறார்கள். காசநோய்க்கு இரண்டாவது மாத முடிவு பொருத்தமான நாள். வலிப்பு மருந்துக்காரர்களுக்கு மூன்றாவது மாதம். போன் எண் ஒன்று போதாது. வீட்டில் ஒன்று, பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிவையுங்கள். முதல் ஸ்கேனில் பூட்டிய ஆங்கிள், காயில், மருந்தின் பெயர், குழாயின் கொள்ளளவு எல்லாவற்றையும் அவரவர் ஃபைலின் உள்ளட்டையில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் ஷிஃப்ட்டில் இருக்கும் டெக்னாலஜிஸ்ட் மாறியிருப்பார்.